ரொக்லிச் ஏன் பாய்ந்தார்? மலைக் கட்டங்களில் ஓர் அணி போடும் கணக்கு

2022 ஜூலை 13. அன்று அதிகாலையில்தான் கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குத் தப்பிப் போயிருந்தார். கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்குள் மக்கள் புகுந்துகொண்டிருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு, அப்பாவின் பழைய சைக்கிளுக்கு ரயர் மாற்றி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆசிரியர்கள் எல்லோருக்கும் கொழும்புச் செய்தி தேவைப்பட்ட அந்த நாளில், யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு சுயாதீன ஊடகவியலாளரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் ஆறு மணி தாண்டியிருக்கும். பாரிஸுக்கு வெளியே வசிக்கும் சித்தப்பா வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தார். நாட்டு நிலைமையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போனைத் திருப்பித் தன் தொலைக்காட்சிக்கு முன்னால் நிறுத்தி வைத்தார். திரையில் மலை. அதில் நாலு சைக்கிள்கள். நாலு பேரில் ஒருவர் திடீரென எழும்பி நின்று மிதித்து முன்னால் பாய்கிறார், மஞ்சள் ஜேர்சி போட்டவர் விரட்டிப் பிடிக்கிறார். பிடித்த கையோடு இன்னொருவர் பாய்கிறார். அவரையும் மஞ்சள் ஜேர்சி விரட்டுகிறார். பிறகு முதலில் பாய்ந்தவர் திரும்பவும்.

“சித்தப்பா, உந்த முதல் பாயுறவர் வெல்லுவாரே?”

“ரொக்லிச்சோ? இல்லைப் பிள்ளை. அவருக்குத் தோள் விலகி ஒரு கிழமை. வெல்லமாட்டார்.”

“பேந்து என்னத்துக்கு இப்பிடி முறிஞ்சு ஓடுறார்?”

“பொறுத்துப் பார்.”

அந்தக் கேள்விக்கான விடையைச் சரியாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொலைக்காட்சி வர்ணனையில் இந்தப் பாய்ச்சலுக்கு ‘அட்டாக்’ என்று பெயர். நான் அதைப் பாய்ச்சல் என்றே எழுதுவேன். மற்றச் சொல்லை எங்கள் காதுகள் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் விளையாட்டின் அடிப்படை. டூர் டி பிரான்ஸ் மூன்று வாரப் போட்டி. 21 கட்டங்கள், 3,300 கிலோமீற்றருக்கு மேல். அந்த வருடம் 22 அணிகள், அணிக்கு எட்டுப் பேர், மொத்தம் 176 வீரர்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் எடுத்த நேரம் கூட்டப்படும். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜேர்சி. கடைசி நாளில் அதைப் போட்டிருப்பவர் வென்றவர். மேடையில் ஏறுபவர் ஒருவர். ஆனால், வெல்வதற்கு எட்டுப் பேர் தேவை. ஏன் தேவை என்றால், காற்று.

இதற்கு விஞ்ஞானம் படிக்கத் தேவையில்லை. சோளகம் வீசும் மாதத்தில் ஆனையிறவு வீதியில் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடியவருக்குத் தெரியும். தட்டைத் தரை, ஏற்றம் ஒன்றும் இல்லை, ஆனாலும் மலை ஏறுவது போல இருக்கும். பள்ளிக்கூடப் பெடியள் அப்போது என்ன செய்வார்கள்? ஒருவன் முன்னுக்குப் போவான், மற்றவன் அவனுடைய பின்சில்லை ஒட்டிக்கொண்டு போவான். கொஞ்ச நேரத்தில் இடம் மாறுவார்கள். டூர் டி பிரான்ஸில் நடப்பதும் அதுவே. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவருக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் மூன்றில் ஒரு பங்கு வரை சக்தியை மிச்சம் பிடிக்கலாம். பெருங்கூட்டத்தின் நடுவில் ஓடினால் இன்னும் அதிகம். ஆகவே, தலைவரைப் பின்னால் வைத்துக்கொண்டு மற்ற ஏழு பேரும் மாறி மாறிக் காற்றை வெட்டிக் கொடுக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தல் எடுக்கத் தலைவர் அணியின் காரடிக்குப் பின்வாங்குவதில்லை. ஒருவர் போய் எட்டு ஒன்பது போத்தல்களை ஜேர்சிக்குள் திணித்துக்கொண்டு வருவார். தலைவருக்கு ரயர் காற்றுப் போனால் தன் சைக்கிளையே கொடுப்பார்.

இந்த உதவியாளருக்குப் பிரெஞ்சு மொழியில் ‘தொமெஸ்தீக்’ என்று பெயர். வீட்டு வேலையாள் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். 1911இல் மொரிஸ் ப்ரொக்கோ என்ற வீரர் தன் வாய்ப்புப் போனதும் மற்றவர்களுக்குக் காசுக்கு உதவி செய்தார் என்று, போட்டியைத் தொடங்கி நடத்திய ஆன்றி தெக்ராஞ்ச் ஏளனமாகச் சொன்ன சொல் அது. ஏளனம் பிறகு தொழிலின் பெயராகிவிட்டது.

தெக்ராஞ்சுக்கு உதவி என்ற எண்ணமே பிடிக்காது. தனி மனிதன் ஒருவன் மலையோடு மோத வேண்டும் என்பது அவருடைய கனவு. 1913இல் பிரனிஸ் மலைத்தொடரில் துர்மலே இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோப்பின் சைக்கிள் முன் கவர் உடைந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். தானே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். போட்டி அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்திருந்ததால் ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான். அதற்குத் தண்டனையாக அவருடைய நேரத்தில் நிமிடங்கள் சேர்க்கப்பட்டன.

அந்தச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. 1934இல் 20 வயது ரெனே வியெத்தோ மலையில் தன் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றித் தலைவர் அந்தொனன் மான்யுக்குக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சில்லு வரும்வரை வீதியோரச் சுவரில் இருந்து அழுதுகொண்டிருந்த படம் பிரான்ஸ் முழுக்கப் பிரசித்தம். மான்யு வென்றார். வியெத்தோ டூரை ஒருபோதும் வெல்லவில்லை.

இனி மலை. தட்டைத் தரையில் காற்றை வெட்டிக் கொடுப்பது சரி. மலையேற்றத்தில் வேகம் மணிக்கு இருபது கிலோமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது காற்று பெரிய எதிரி அல்ல. உங்கள் உடம்பின் பாரம்தான் எதிரி. ஒருவருக்குப் பின்னால் ஒளிந்து ஓடுவதால் கிடைக்கும் இலாபம் அரைவாசிக்கும் கீழே போய்விடும். சாய்வு கூடக் கூட அதுவும் இல்லை. அதனால்தான் மலையில் ‘ஆளுக்கு ஆள்’ என்று சொல்வார்கள். பலசாலி வெல்வான், அணி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நானும் கேட்டேன்.

அந்த வருடம் பலசாலி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்லொவேனியாவின் தடேய் பொகாச்சார். 23 வயது, 2020, 2021 இரண்டு டூரையும் வென்றவர். பத்துக் கட்டங்கள் முடிந்தபோது மஞ்சள் ஜேர்சி அவரிடம். ஜும்போ-விஸ்மா அணியின் யோனாஸ் விங்கேகோர் 39 செக்கன் பின்னால். விங்கேகோர் டென்மார்க்கின் வடக்குக் கரையைச் சேர்ந்தவர். தொழில்முறை வீரராவதற்கு முன் காலையில் மீன் பதனிடும் இடத்தில் ஐஸ் பெட்டிகளோடு வேலை செய்துவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்குப் போனவர். பொகாச்சாரை நேருக்கு நேர் ஓடி வெல்ல முடியும் என்று அவரிடம் அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

அதே அணியில் ப்ரிமோஷ் ரொக்லிச்சும் இருந்தார். பொகாச்சாரின் நாட்டுக்காரர், பனிச்சறுக்குப் பாய்ச்சலில் இருந்து சைக்கிளுக்கு வந்தவர், ஸ்பெயினின் வுவெல்தா போட்டியை மூன்று தடவை வென்றவர். 2020 டூரில் முடிவுக்கு முந்திய நாள்வரை மஞ்சள் ஜேர்சி ரொக்லிச்சிடம்தான் இருந்தது. 57 செக்கன் முன்னால். அன்றைய தனிநபர் நேரக்கட்டத்தில் பொகாச்சாரிடம் 1 நிமிடம் 56 செக்கனை இழந்து, 59 செக்கனால் தோற்றார். தலைக்கவசம் ஒரு பக்கம் சரிந்தபடி அவர் கடைசிக் கிலோமீற்றரை மிதித்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. 2022இல் பழி தீர்க்க வந்தவருக்கு ஐந்தாவது கட்டத்தில், கல் பாவிய வீதியில், வைக்கோல் பொதி ஒன்று வீதிக்குள் வந்து, விழுந்து தோள் விலகியது. பார்வையாளர் ஒருவரின் கதிரையில் இருந்து தோளைத் தானே தள்ளிப் பொருத்திக்கொண்டு தொடர்ந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. டூரை வெல்லும் கனவும் போய்விட்டது.

அணியின் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெல்ல முடியாத, ஆனால் அலட்சியம் செய்யவும் முடியாத ஒரு வீரர் கையில் இருக்கிறார். இரண்டு மூன்று நிமிடம்தான் பின்னால். அவரைப் போகவிட்டால் அந்த நிமிடங்களை ஒரே மலையில் திரும்ப எடுத்துவிடக்கூடியவர். போகவிடக்கூடாது என்றால் பொகாச்சார்தான் விரட்ட வேண்டும்.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும். கோட்டில் மறித்து நிற்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் மறிக்க முடியாது. ஒருவன் இந்தப் பக்கம் பாய்வதுபோலப் போக்குக் காட்டுவான், மறிப்பவன் ஓடி வருவான், மற்றவன் அந்தப் பக்கத்தால் போய்விடுவான். போகாவிட்டாலும் பரவாயில்லை. பத்துத் தடவை இங்கும் அங்கும் ஓடவிட்டால் பதினோராவது தடவை மறிப்பவனுக்கு மூச்சு வாங்கும்.

பொகாச்சாருக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது. அவருடைய எட்டுப் பேரில் இருவர் கொவிட் தொற்றால் ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஜும்போவில் எட்டுப் பேரும் இருந்தார்கள்.

ஜூலை 13ஆம் திகதிக் கட்டம் அல்பேர்வில்லில் இருந்து கிரனோன் மலை உச்சி வரை, ஏறத்தாழ 150 கிலோமீற்றர். வழியில் தெலெக்ராஃப் மலை, அதற்கு மேல் கலிபியே, 2,642 மீற்றர். பிறகு நீண்ட இறக்கம், பள்ளத்தாக்கு, கடைசியாகக் கிரனோன். 11.3 கிலோமீற்றர், சராசரிச் சாய்வு 9.2 வீதம். அதாவது ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒன்பது மீற்றர் உயர வேண்டும், அதுவும் 2,400 மீற்றர் உயரத்தில், ஒட்சிசன் குறைந்த காற்றில். 1986க்குப் பிறகு டூர் அங்கே முடிந்ததில்லை.

கட்டம் தொடங்கிய உடனேயே ஜும்போவின் வௌட் வான் ஆர்ட் பெருங்கூட்டத்தை விட்டுப் பாய்ந்து முன்னால் போனார். பிரிந்து போன குழுவில் கிறிஸ்தோப் லப்போர்ட்டும் சேர்ந்துகொண்டார். இருவரும் பாரமான ஆட்கள், கிரனோனில் வெல்லக்கூடியவர்கள் அல்ல. பிறகு ஏன் போனார்கள்?

அந்த மாதம் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். விடியற்காலையில் ஒரு தம்பியை முன்னுக்கு அனுப்பி இடம் பிடித்து வைப்போம். பெற்றோல் அடிக்க வேண்டியவர் பிறகு வருவார். மலையின் அடிவாரத்தில் இருந்து தலைவரோடு ஒட்டிக்கொண்டு ஏற வான் ஆர்ட் போன்ற ஒருவரால் முடியாது. ஆனால், பத்து நிமிடம் முன்கூட்டியே புறப்பட்டவர் தன் பாட்டில் ஏறி உச்சிக்குப் பக்கத்தில் இருப்பார். தலைவர் மேலே வரும்போது அல்லது பள்ளத்தாக்கில் இறங்கும்போது அவர் அங்கே தயாராகக் காத்திருப்பார். தட்டைத் தரையில், இறக்கத்தில், காற்று மறுபடி எதிரியாகும் இடத்தில்தான் அப்படி ஒரு பலமான உடம்பின் பெறுமதி. ஒரு மலைக் கட்டத்தைப் பார்க்கும்போது முன்னால் போன குழுவில் யாருடைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்று சித்தப்பா சொல்லித் தந்தது இதனால்தான்.

தெலெக்ராஃப் மலையில் ஜும்போ வேகத்தைக் கூட்டியது. பொகாச்சாரின் துணையாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். உச்சிக்குக் கிட்ட முதல் பாய்ச்சல். அதைத் தாண்டி வலுவார் கிராமத்துக்கு இறங்கி, கலிபியேயின் ஆரம்ப ஏற்றத்தில், முன்னாள் சம்பியன் கெரெய்ன்ற் தோமஸோடு சேர்த்து நாலே பேர். முடிவுக்கு இன்னும் அறுபது கிலோமீற்றர். சித்தப்பா எனக்குக் காட்டிய காட்சி இதுதான். ரொக்லிச் பாய்ந்தார், பொகாச்சார் பிடித்தார். விங்கேகோர் பாய்ந்தார், பொகாச்சார் பிடித்தார். ரொக்லிச். விங்கேகோர். ரொக்லிச்.

ஒவ்வொரு பாய்ச்சலும் பார்ப்பதற்குத் தோல்விதான். ஒருவரும் தப்பவில்லை. பொகாச்சார் சிரமப்படுவதாகவும் தெரியவில்லை. நான் அவருக்காகக் கைதட்டத் தயாராக இருந்தேன். ஆனால், உடம்பின் கணக்கு வேறு. ஒரே சீரான வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஏறுவதற்கும், அதே சராசரி வேகத்தை இருபது செக்கன் உச்ச வேகம், பிறகு தளர்வு, பிறகு உச்ச வேகம் என்று ஏறுவதற்கும் செலவு ஒன்றல்ல. புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஒருதரம் ஓடலாம். பத்துத்தரம் ஓடினால், பதினோராவது பஸ் தரிப்பிடத்தில் நின்றாலும் ஏறக் கால் வராது. இந்த ஓட்டத்துக்குத் தசையில் சேமித்த காபோவைதரேற்றுத்தான் எரியும். அது சின்னக் களஞ்சியம். ஓடிக்கொண்டே சாப்பிட்டு நிரப்ப வேண்டும். அடிக்கடி பாய்ந்துகொண்டிருப்பவருக்குச் சாப்பிடவும் நேரம் கிடைப்பதில்லை. தவிர, பாய்பவர்கள் இருவர், பிடிப்பவர் ஒருவர். ரொக்லிச் பாயும்போது விங்கேகோர் பொகாச்சாரின் சில்லுக்குப் பின்னால் இருந்து இளைப்பாறுகிறார். பொகாச்சாருக்கு இளைப்பாறும் முறை வரவேயில்லை.

பொகாச்சார் வேறென்ன செய்திருக்கலாம்? ரொக்லிச்சைப் போகவிட்டு, விங்கேகோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ரொக்லிச்சை விரட்டும் வேலையைத் தங்கள் இடத்தைக் காக்க வேண்டிய மற்ற அணிகளின் தலையில் போட்டிருக்கலாம். கதிரையில் இருந்து எழுதும் எனக்கு இது சுலபம். அவர் அதைச் செய்யவில்லை. தன்னைச் சீண்டுபவர்கள் எல்லோருக்கும் தானே பதில் சொல்ல வேண்டும் என்ற குணம் அவருக்கு. கலிபியேயின் மேல் பகுதியில் தானே வேகம் கூட்டிப் பார்த்தார். ரொக்லிச் கழன்றார், தோமஸ் கழன்றார், விங்கேகோர் மட்டும் கழலவில்லை. அந்த நேரத்தில் அது பலத்தின் அடையாளம்போலத் தெரிந்தது. இப்போது பார்த்தால் களஞ்சியத்தின் கடைசிப் படிகளை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்.

இறக்கத்துக்குப் பிறகு மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். கிரனோன் அடிவாரத்தில் பொகாச்சாருக்கு ஒரே ஒரு துணை, போலந்துக்காரரான ரஃபால் மைக்கா. அவர் முன்னால் மிதித்தார், பொகாச்சார் பின்னால். ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும்போது விங்கேகோர் எழும்பிப் பாய்ந்தார்.

இந்தத் தடவை மஞ்சள் ஜேர்சி அசையவில்லை.

சித்தப்பா கத்தியது எங்கள் வீட்டு முற்றம் முழுக்கக் கேட்டது. பொகாச்சாரின் ஜேர்சி சிப் முழுக்கத் திறந்து இரண்டு பக்கமும் படபடத்தது. முகம் வெளிறி, தோள்கள் ஆடின. கடைசியில் அவர் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது விங்கேகோர் போய்ச் சேர்ந்து 2 நிமிடம் 51 செக்கன் ஆகியிருந்தது. கட்டத்தை வென்றவருக்கு 10 செக்கன் ஊக்கக் கழிவு வேறு. காலையில் 39 செக்கன் பின்னால் இருந்தவர் இரவில் 2 நிமிடம் 22 செக்கன் முன்னால். அந்த இடைவெளியைப் பொகாச்சாரால் மூடவே முடியவில்லை. பாரிஸில் முடிவு 2 நிமிடம் 43 செக்கன்.

ரொக்லிச் எங்கே? பல நிமிடங்கள் பின்னால், தன் பாட்டில் மிதித்துக்கொண்டு வந்தார். நாலு நாளைக்குப் பிறகு, காயங்கள் ஆறாமல், போட்டியை விட்டு விலகினார். பாரிஸில் நடந்த கொண்டாட்டப் படங்களில் அவர் இல்லை.

இதைத் தியாகம் என்று எழுதலாமா என்று எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. பிரெஞ்சு, ஆங்கிலப் பத்திரிகைகள் தயங்காமல் எழுதுகின்றன. நாங்கள் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுத்தவர்கள் என்று யோசித்துப் பார்த்து, நான் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். ரொக்லிச்சுக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, முடியாதபோது விலகிப் போக உரிமையும் உண்டு. விலகினார், வீட்டுக்குப் போனார், அடுத்த மாதமே போட்டிக்குத் திரும்ப வந்தார். வெற்றிப் பரிசான 500,000 யூரோவை வென்றவர் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, அணிக்குள் பங்கிடுவது நீண்ட கால வழக்கம். இது வேலை. கடினமான, திறமையான, பெயர் வராத வேலை. அதை வேலை என்று சொல்வதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

பெயர் வராத வேலை என்று எழுதும்போது எனக்கு எங்கள் முற்றம் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் பற்றரி தடை. மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் குனிந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். கை நோக ஆள் மாறும். சுற்றுகிறவருக்குச் சில்லுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. செய்தி முடிந்த பிறகு, “என்னவாம்?” என்று கேட்பார். அனேகமாக அது என் அப்பாவாக இருக்கும்.

ஆனால், சைக்கிளோட்டத்தில் சுற்றுகிறவர் ஒரு நாள் கேட்கவும் வந்தார். அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைவாசிதான்.

செப் குஸ் அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதிக்காரர். கிரனோன் நாளிலும் ஜும்போவின் எட்டுப் பேரில் ஒருவர். உலகத்தின் மிகச் சிறந்த மலைத் துணையாள் என்று பெயர் எடுத்தவர். 2023 மே மாதம் இத்தாலியின் ஜீரோ போட்டியில் ரொக்லிச்சுக்காக ஓடினார், ரொக்லிச் வென்றார். ஜூலையில் டூரில் விங்கேகோருக்காக ஓடினார், விங்கேகோர் மறுபடி வென்றார். ஓகஸ்ட் கடைசியில் வுவெல்தா. அதில் இரண்டு தலைவர்களும் ஒரே அணியில் வந்தார்கள், துணைக்கு மீண்டும் குஸ்.

ஆறாவது கட்டத்தில் வழக்கமான தந்திரம்தான் நடந்தது. முன்னால் போன குழுவில் குஸ்ஸைச் சேர்த்து அனுப்பினார்கள். வரிசையில் இடம் பிடிக்கப் போன தம்பி. எதிர் அணிகள் ரொக்லிச்சையும் விங்கேகோரையும் பார்த்துக்கொண்டிருந்தன, குஸ்ஸை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அவர் கட்டத்தை வென்றார், நிமிடக் கணக்கில் நேரமும் எடுத்துவிட்டார். எட்டாவது கட்டத்தின் முடிவில் வுவெல்தாவின் சிவப்பு ஜேர்சி அவர் உடம்பில்.

இப்போது அணி என்ன செய்ய வேண்டும்? நியாயப்படி, தலைமை ஜேர்சி யாரிடமோ அவரைக் காக்க வேண்டும். பதினாறாவது கட்டத்தில் விங்கேகோர் பாய்ந்து கட்டத்தை வென்றார், குஸ்ஸின் முன்னிலை 29 செக்கனுக்கு இறங்கியது. அடுத்த நாள், செப்ரெம்பர் 13, ஆங்லிரு. சில இடங்களில் சாய்வு 20 வீதத்துக்கும் மேல், நடந்து ஏறவே மூச்சு முட்டும் மலை. அங்கே ரொக்லிச் வேகத்தைக் கூட்டினார், விங்கேகோர் அவரோடு போனார். சிவப்பு ஜேர்சியோடு தங்கள் துணையாள் கழன்று பின்னால் போவது தெரிந்தும் இருவரும் நிற்கவில்லை. குஸ்ஸுக்கு உச்சிவரை துணையாக அமைந்தவர் எதிர் அணியின் மிக்கேல் லாந்தா. முடிவில் குஸ்ஸிடம் மிஞ்சியது 8 செக்கன்.

அன்றிரவு சித்தப்பாவின் கோல். “உப்பிடிச் செய்யலாமே? வருசம் முழுக்க உவையளுக்குத் தண்ணி சுமந்த பெடியன்.”

சைக்கிளோட்ட இரசிகர்கள் உலகம் முழுக்க அதே ஆத்திரத்தில் இருந்தார்கள். என்னால் ரொக்லிச்சை முழுக்கத் திட்ட முடியவில்லை. 2020இல் 59 செக்கனால் தோற்றவர், 2022இல் கலிபியேயில் தன்னை எரித்து இன்னொருவருக்கு டூரைக் கொடுத்தவர். 33 வயதில் இன்னும் ஒரு வுவெல்தா தனக்கு வேண்டும் என்று அவர் நினைத்ததில் எனக்கு வியப்பில்லை. கடன் யாருக்கு யார் கொடுக்க வேண்டும் என்ற கணக்கில் அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. விங்கேகோரின் பக்கம்தான் எனக்குப் பலவீனமாகத் தெரிந்தது. இரண்டு டூர் கையில் இருந்தன, இரண்டிலும் குஸ் முன்னால் மிதித்திருந்தார்.

அணிக்குள் என்ன பேசினார்களோ, அடுத்த நாளில் இருந்து இருவரும் குஸ்ஸுக்காக ஓடினார்கள். பதினெட்டாவது கட்டத்தில் விங்கேகோர் வேண்டுமென்றே முடிவுக்கு முன் தளர்ந்து, 9 செக்கனைக் குஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

இருபதாவது கட்டம் சனிக்கிழமை. மட்ரிட்டுக்கு முந்திய கடைசி மலைகள். அன்று சித்தப்பாவுக்கு வேலை. எனக்கு இணையத்தில் ஒரு தொடுப்புக் கிடைத்திருந்தது, தட்டித் தடக்கி ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி கோட்டைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு அவருக்கு எழுதினேன், குஸ் வெண்டிட்டார் என்று.

அரை மணித்தியாலம் கழித்து, உணவகத்தின் பின் வாசலில் நின்றுகொண்டு குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம். “எத்தினை செக்கனாலை?”

“பதினேழு,” என்று அனுப்பினேன்.